இரண்டாம் தடவை கேட்பார்கள்

இது எனக்கு நேர்ந்ததல்ல. கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த இளம்பரிதி சொன்னது. பண்ருட்டியில் இருக்கும் ஒரு முந்திரிக் கம்பெனிக்காக அவன் மொசாம்பிக் நாட்டின் வடக்கே, துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ஒரு சிறிய ஊரில் வேலை பார்க்கிறான். மாதிரிக்கு எடுத்த கொட்டையை வெட்டிப் பார்த்து, பருப்பு நல்லதா சொத்தையா என்று சொல்வது அவன் வேலை. அந்த ஊரில் வீட்டுக்குள் மக்குவா மொழி, வெளியாளோடு போர்த்துக்கீசியம். விடுமுறைக்கு வந்தவன் கடலூரில் பேருந்துக்குக் காத்திருந்த நேரத்தில் இதைச் சொன்னான். காய்ச்சலில் கிடந்தவனுடைய ஞாபகம் அது. அதைக் கேட்டவனுடைய ஞாபகம் இது. எங்காவது பிசகியிருக்கலாம். அவன் ‘நான்’ என்றுதான் சொன்னான், மூச்சு விடாமல் சொன்னான். நானும் அப்படியே எழுதுகிறேன்.

தட்டி வரைக்கும் வந்துவிட்டேன், இனி வாயைத் திறக்க வேண்டியதுதான் பாக்கி. என் கதவிலிருந்து பக்கத்து வீட்டு அத்தீஜாவின் தட்டிவேலிக்கு எவ்வளவு தூரம், நிறைந்த வாளியைத் தளும்பாமல் தூக்கிக்கொண்டு போகிற தூரம், இன்றைக்கு நடுவில் ஒரு தடவை உட்கார வேண்டியிருந்தது, மணல் சுட்டது, அந்தச் சூடு உடம்புக்கு இதமாக இருந்தது, அப்படியே படுத்துவிடலாம் என்று தோன்றியது, தோன்றியதும் பயந்துபோய் எழுந்துவிட்டேன். உச்சி வெயிலில் போர்வையைப் போர்த்திக்கொண்டு ஒருத்தன் நிற்கிறான், யாராவது பார்த்தால் சிரிப்பார்கள், சிரித்தால்கூடப் பரவாயில்லை, பார்த்தால் போதும், ஆனால் ஞாயிற்றுக்கிழமை, தெருவில் ஓர் ஆள் இல்லை, எல்லாரும் சந்தையில் இருப்பார்கள். வேலிக்குக் கதவு கிடையாது, ஓர் ஆள் நுழைகிற இடைவெளி மட்டும், இருந்தாலும் இந்த ஊரில் யாரும் கூப்பிடாமல் அதற்குள் காலை வைக்க மாட்டார்கள். வெளியே நின்று ‘தா லிசென்ஸா’ என்பார்கள், வரலாமா என்று. சொல்லிவிட்டுக் காத்திருப்பார்கள். எட்டிப் பார்க்க மாட்டார்கள், தட்ட மாட்டார்கள். உள்ளேயிருந்து பதில் வந்தால் போவார்கள், வராவிட்டால் இன்னொரு தடவை சொல்வார்கள், அதற்கும் வராவிட்டால் கோபமில்லாமல் திரும்பிவிடுவார்கள். நான் சொல்லிவிட்டேனா? சொன்ன மாதிரி இருக்கிறது. வாய் அசைந்தது, சத்தம் வந்ததா என்று தெரியவில்லை, உள்ளே பேச்சுக் குரல் நிற்கவில்லை, அப்படியானால் வரவில்லை. உடனே இன்னொரு தடவை சொல்லலாமா, கொஞ்சம் பொறுக்க வேண்டுமா, உடனே சொன்னால் விரட்டுகிற மாதிரி இருக்கும், பொறுத்தால் கால் தாங்குமா. அது உள்ளே வருவதற்கான சொல்தான், அதற்கப்புறம்தான் கேட்க வேண்டியது இருக்கிறது, அந்த வாக்கியத்தைக் காலையிலிருந்து மனசுக்குள் அடுக்கி அடுக்கி வைத்திருக்கிறேன். மன்னிக்கவும், தங்களுக்குத் தொந்தரவு இல்லையென்றால், தாங்கள் எனக்கு உதவ இயலுமா. கைபேசியில் ‘உதவி கேட்பது’ என்று ஒரு பாடம், லிஸ்பனில் இருக்கிற ஒரு பெண் குரல், கண்ணாடி டம்ளரை மேசையில் வைக்கிற மாதிரி ஒவ்வொரு சொல்லாக வைப்பாள், விமானத்தில் வரும்போது எத்தனை தடவை கேட்டேன், பக்கத்து இருக்கைக்காரர் முறைக்கிற அளவுக்கு முணுமுணுத்தேன். கேட்கத் தெரிந்துகொண்டு போனால் எந்த ஊரிலும் பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதில் மட்டும் நான் கெட்டிக்காரன் என்று ஓர் எண்ணம். ஏனென்றால் நான் கேட்டுக் கேட்டே படித்தவன். அனுப்புநர், பெறுநர், மதிப்பிற்குரிய ஐயா, தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன், இப்படிக்குத் தங்கள் உண்மையுள்ள. பள்ளிக்கூடத்திலேயே எங்கள் தெருவுக்கு மனு எழுதிக் கொடுத்தவன் நான்தான். முதல் பட்டதாரி சான்றிதழுக்கு அலைந்தபோது, வீட்டில் உங்களுக்கு முன்னால் யாரும் பட்டம் வாங்கவில்லை என்பதற்குத் தெருவில் யாராவது சாட்சி சொல்ல வேண்டும் என்றார்கள், அம்மா அங்கேயே சிரித்துவிட்டாள், “இதுக்குமா சாட்சி? என் கையப் பாத்தாத் தெரியாதா” என்றாள். கொட்டை உடைத்து உடைத்து ஓட்டு எண்ணெய் ஏறிக் கருத்த கை, அதை அந்த மேசைமேல் விரித்து வைத்தாள். அந்த எழுத்தர்கூடச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அப்பா வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார், கழற்றச் சொல்லி யாரும் சொல்லவில்லை. கேட்பது என்றால் எனக்கு அதுதான், செருப்பைக் கழற்றுவது, உடம்பைச் சுருக்குவது. இப்போது காலில் செருப்பு இருக்கிறதா, இல்லை, மறந்துவிட்டேன், அதனால்தான் மணல் அப்படிச் சுட்டது.

இந்த ஊரில் என்னைப் ‘பத்ராவ்’ என்கிறார்கள், முதலாளி என்று அர்த்தம். நான் முதலாளி இல்லை, என் சம்பளத்தில் பாதி தங்கையின் நர்சிங் படிப்புக்குப் போகிறது என்று சொல்லவா முடியும், வெளிநாட்டுக்காரன், கையில் சாவிக்கொத்து, கிடங்கில் நிழலில் நிற்கிறவன், அவ்வளவுதான் கணக்கு. முதலாளி வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு உதவி கேட்டால் எப்படி இருக்கும். காலையில் கேட்காமலே கிடைத்தது, அதைத்தான் நினைத்து நினைத்துப் புண்ணாகிறேன். வாந்தி எடுத்துவிட்டுப் படியில் உட்கார்ந்திருந்தேன், அத்தீஜா தலையில் பஜியாப் பாத்திரத்தோடு அந்த வழியாகப் போனாள், அவள் சுடுவது நம் ஊர்ப் பஜ்ஜி மாதிரி இல்லை, வடை மாதிரி உருண்டையாக இருக்கும், பயறு அரைத்தது, பெயர் மட்டும் எப்படியோ கடல் தாண்டிப் போயிருக்கிறது. நின்றாள். பாத்திரத்தை இறக்காமலே குனிந்து பார்த்தாள். “பத்ராவுக்கு உடம்பு சரியில்லையா? ஆஸ்பத்திரிக்குப் போக யாரையாவது கூப்பிடட்டுமா?” என்றாள், எனக்குப் புரியட்டும் என்று மெதுவாகச் சொன்னாள். நான் என்ன சொன்னேன். “நாவ், ஒப்ரிகாது. நாவ் எ நாதா.” வேண்டாம், நன்றி, ஒன்றுமில்லை. போதாததற்குச் சிரித்தேன். சிரித்துவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், அடுத்த தடவைக்காக. அடுத்த தடவை வரவில்லை. ஒரு நிமிஷம் நின்றாள், சரி என்றாள், போய்விட்டாள். அவள் முதுகு திருப்பத்தில் மறைகிற வரைக்கும் நான் காத்திருந்தேன், இப்போது திரும்புவாள், இதோ திரும்புவாள் என்று. அம்மா அப்படித்தானே சொல்லி வளர்த்தாள். “யாரு வூட்டுலயும் மொதத் தடவ கேட்டதும் கைய நீட்டாத. காணாததக் கண்ட மாதிரி இருக்கும். ரெண்டாந்தடவ கேப்பாங்க. அப்ப வாங்கிக்க.” வாத்தியார் வீட்டில் தோசை, வேணாம் சார் சாப்ட்டேன், அட உக்காருப்பா, வேணாம் சார், உக்காருடான்னா, உட்கார்ந்து ஐந்து தோசை. விடுதியில் நீ அதிரசம் நீட்டியபோதும் வேண்டாம் என்றுதானே சொன்னேன், நீ டப்பாவை மூடாமல் என் கட்டில்மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாய், உனக்குத் தெரியும், நம் ஆட்களுக்கெல்லாம் தெரியும், வேண்டாம் என்பது கதவு இல்லை, கதவுக்கு முன்னால் இருக்கிற வாசல். இங்கே வேண்டாம் என்றால் வேண்டாம். அதோடு நன்றியையும் சேர்த்தல்லவா சொன்னேன், நன்றி சொன்னால் பேச்சு முடிந்தது என்றல்லவா அர்த்தம், அந்த லிஸ்பன் பெண் அதையும் ஒரு பாடத்தில் சொன்னாளே, எவ்வளவு அழகாகச் சொல்லிப் பழகினேன், அந்த அழகுதான் என்னைப் படியிலேயே உட்காரவைத்துவிட்டுப் போனது.

இப்போது எண்ணெய் வாசனை வருகிறது, வேலிக்கு உள்ளேயிருந்து, அடுப்பு மூட்டியிருக்கிறாள். அந்த வாசனை தொண்டையில் ஏறுகிறது, வாந்தி வரக்கூடாது, இவள் வேலியில் வாந்தி எடுத்தால் அப்புறம் எந்த வாக்கியத்தைச் சொல்லி என்ன. மூச்சை வாயால் இழு. மாசிலாமணி சார் போனில் கத்தியது காதிலேயே நிற்கிறது. அவர்தான் இங்கே எங்கள் மேனேஜர், கப்பலில் மூட்டை ஏற்றத் துறைமுகத்துக்குப் போயிருக்கிறார், வண்டியும் டிரைவரும் அவரோடு. “இன்னாது, நேத்துலேருந்தா? ஏண்டா, படிச்சவன்தான நீ? தலவலி மாத்திரையப் போட்டுக்கினு படுத்துக் கெடக்கிறியா?” “கொஞ்சம் கொறஞ்ச மாதிரி இருந்துது சார்.” “கொறயும்டா. கொறஞ்சிட்டுத்தான் தூக்கும். ரூபனுக்கும் கொறஞ்சிது. நான் வந்து சேர ராத்திரி ஆயிடும், அதுவரிக்கும் வெச்சிருக்காத. கெடங்கும் பூட்டியிருக்கு. பக்கத்துல யார்னா கூப்புடு.” “சரி சார்.” “சரி சார் இல்ல. வாயத் தொறந்து கேளு. இப்பவே கேளு.” ரூபன் அண்ணன் என்று அவர் சொல்லியிருக்க வேண்டாம். எனக்கு முன்னால் அந்த அறையில் இருந்தவர், தூத்துக்குடிக்காரர், நான் பார்த்ததில்லை. காய்ச்சல் வந்ததும் நாளைக்குப் பார்க்கலாம் என்றாராம், மறுநாள் எழுந்து குளித்தாராம், இட்லி மாவு கிடைக்குமா என்று விளையாட்டாகக் கேட்டாராம், அதற்கடுத்த நாள் ஆள் பேச்சுமூச்சு இல்லை. பெட்டியில்தான் ஊருக்குப் போனார். அவர் சுவரில் அடித்த ஆணி இருக்கிறது, என் சட்டை அதில்தான் தொங்குகிறது, நேற்று ராத்திரி அந்தச் சட்டை ஓர் ஆள் மாதிரி நின்றது. அம்மாவுக்கு யார் போன் செய்வார்கள். பெறுநர் அஞ்சலை, இதன்மூலம் தெரிவித்துக்கொள்வது. சீ. கேள். கேட்டால் முடிந்தது. ஒரு வாக்கியம். மன்னிக்கவும், தங்களுக்கு, தொந்தரவு, அடுத்த சொல் என்ன, அடுத்த சொல் எங்கே போனது, காலையில் இருந்ததே.

வாக்கியம் போனால் போகட்டும், முதலில் நலம் கேட்க வேண்டும், அதை மறக்கக்கூடாது, அதில் ஏற்கெனவே ஒரு தடவை அடிபட்டிருக்கிறேன். வந்த புதிதில் கிடங்குக் காவலாளியிடம் போய், மன்னிக்கவும் தங்களுக்குத் தொந்தரவு இல்லையென்றால் இந்தக் கதவைத் திறக்க இயலுமா என்று பிசகில்லாமல் கேட்டேன், கிழவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார், அப்புறம் “பொம் தியா, பத்ராவ்” என்றார், காலை வணக்கம் என்று. நான் அவருக்குக் காது மந்தம் என்று நினைத்துச் சத்தமாக மறுபடி அதே வாக்கியத்தைச் சொன்னேன். அவர் மறுபடி “பொம் தியா” என்றார். அப்போதுதான் உறைத்தது, நான் இன்னும் அவருக்கு வணக்கமே சொல்லவில்லை. வணக்கம், எப்படித் தூங்கினீர்கள், நன்றாகத் தூங்கினேன், அந்தப் பக்கம் எப்படியோ தெரியவில்லை. அப்படித்தான் இவர்கள் சொல்வார்கள், நான் நல்லா இருக்கேன், அந்தப் பக்கம் எப்படியோ தெரியவில்லை. ஆற்றுக்கு அக்கரையில் நிற்கிறவரிடம் கேட்கிற மாதிரி. எல்லாம் முடிந்தபிறகு கிழவர் பூட்டைத் திறந்துகொண்டே, “இப்போ கதவுக்கும் சந்தோஷம்” என்றார். அந்த இடத்தில் எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. எங்கள் தெருவில் யார் நேராகக் கேட்டிருக்கிறார்கள். இன்னா அண்ணி ஆக்கியாச்சா, மாடு கறக்குதா, பெரியவனுக்கு வயித்துவலி நின்னுச்சா, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, எழுந்து நாலு அடி போனபிறகு, மறந்துபோனதைத் திரும்பி எடுத்துக்கொள்கிற மாதிரி, அந்தக் கடப்பாறை சும்மாதான கெடக்கு, குடு, காலையில தந்துடறேன். தயவுசெய்து என்று ஒரு சொல் இல்லை, நன்றி என்று ஒரு சொல் இல்லை. அண்ணி என்பதிலேயே எல்லாம் அடங்கிவிடும். மனுவில்தான் தாழ்மையுடன். இவர்களிடமும் அது இருக்கிறதே, பஜியா வாங்க வருகிறவர்கள் அத்தீஜாவை மமா என்றுதானே கூப்பிடுகிறார்கள், அவளைவிட வயதானவர்கள்கூட, பிள்ளை பெற்றவள் என்றால் எல்லாருக்கும் மமா, லிஸ்பன்காரி அதைச் சொல்லித் தரவில்லையே, அவள் என்னை சென்யோரா என்று சொல்லவைத்தாள், சீமாட்டி, சீமாட்டி என்று கூப்பிட்டால் யார் கதவைத் திறப்பார்கள். குளிர் முதுகில் ஏறுகிறது. தட்டி ஏன் இப்படிச் சத்தம் போடுகிறது, காற்று இல்லையே. சரி, இரண்டாவது தடவை. சத்தமாக. செருப்பில்லாமல் நிற்கிறேன், பரவாயில்லை.

“தா லிசென்ஸா.”

உள்ளே பேச்சு நின்றது. நான் நினைத்ததைவிடச் சீக்கிரம் நின்றது. அத்தீஜா வெளியே வந்தாள், கை முழுக்க மாவு, இரண்டு கையையும் உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்திருந்தாள்.

“மதிய வணக்கம், பத்ராவ். எப்படி இருக்கிறீர்கள்?”

“நல்லா இருக்கேன்” என்றேன். சத்தியமாக அப்படித்தான் சொன்னேன். பல் கிடுகிடுத்துக்கொண்டிருந்தது, கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது, நல்லா இருக்கேன் என்று சொல்லி, “அந்தப் பக்கம் எப்படியோ தெரியவில்லை” என்றும் சேர்த்துச் சொன்னேன்.

“இந்தப் பக்கமும் நல்லாத்தான் இருக்கிறது.” அவள் சிரிக்கவில்லை. “குழந்தைகள் நல்லா இருக்கிறார்கள். அடுப்பு நல்லா இருக்கிறது. பத்ராவும் நல்லா இருக்கிறார். என் தட்டிக்கு மட்டும்தான் நடுக்கம்.”

குனிந்து பார்த்தேன். நான்தான் இரண்டு கையாலும் தட்டியைப் பிடித்திருந்தேன், வேலி அந்தக் கோடி வரைக்கும் ஆடியது. கையை எடுக்கப் பார்த்தேன், எடுத்தால் விழுந்துவிடுவேன் என்று தெரிந்தது. மன்னிக்கவும், தங்களுக்கு. அதற்குமேல் ஒன்றும் இல்லை. வாயில் வந்தது அவள் கடையில் குழந்தைகள் வந்து நின்று சொல்வதுதான், பெரியவர்களும் அதைத்தான் சொல்வார்கள், தண்ணீர் வேண்டுமென்றாலும் தீப்பெட்டி வேண்டுமென்றாலும், “மமா, எஷ்தோ அ பெதீர்.” அம்மா, கேட்டுக்கொண்டிருக்கிறேன். என்ன கேட்கிறேன் என்று சொல்ல வேண்டும், அந்தச் சொல் அடுத்து வர வேண்டும், வரவில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதோடு நின்றுவிட்டேன். அவள் என்ன என்று கேட்கவில்லை. தலையை மட்டும் திருப்பி, “மொமாத்” என்றாள், ரொம்பச் சாதாரணமாக, உப்பு எடு என்கிற மாதிரி. வீட்டுக்குப் பின்னாலிருந்து ஓர் ஆள் மோட்டார்சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான், எங்கள் சாலை முனையில் சவாரிக்கு நிற்பானே, அவளுடைய கொழுந்தன், அவன்தான். என் அதிர்ஷ்டம், அந்த நேரம் பார்த்து அங்கே இருந்திருக்கிறான் என்று நினைத்தேன். வண்டி ஏற்கெனவே எங்கள் பக்கம் திரும்பியிருந்தது.

“பத்ராவுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?” என்றான் மொமாத்.

“தெரியும்.”

“இன்றைக்கு வேண்டாம்.”

“அவன் பேச்சைக் காதில் வாங்காதே மகனே, ஏறு” என்றாள் அத்தீஜா. பத்ராவ் அதோடு போய்விட்டது, எந்த நிமிஷத்தில் மகன் ஆனேன் என்று எனக்குத் தெரியாது, ஆனால் அந்தச் சொல் காதில் விழுந்ததும் முழங்கால் இரண்டும் விட்டுப்போயின, அதுவரைக்கும் முதலாளியாக இருந்ததால்தான் நின்றேன் போலிருக்கிறது. கையில் இருந்த மாவோடு என்னைப் பிடித்தாள். மாவு என் போர்வையில் ஒட்டியது. இடுப்பில் கட்டியிருந்த மேல்துணியை அவிழ்த்தாள், கப்புலானா என்பார்கள், பூப்போட்ட பருத்தித் துணி, என்னை மொமாத்தின் முதுகோடு சேர்த்துச் சுற்றி முடிச்சுப் போட்டாள், குழந்தையை முதுகில் கட்டுவது போலவே, எனக்குப் பின்னால் அவளும் ஏறிக்கொண்டாள். முன்னால் ஒரு முதுகு, பின்னால் ஒரு தோள், நடுவில் நான், விழ முடியாது, விழ வேண்டுமென்றாலும் முடியாது, அப்படி ஒரு நிம்மதி. சாலையில் மாமரங்கள் போயின, தண்டவாளத்தைத் தாண்டும்போது வண்டி குலுங்கியது. அப்போது பார்த்து, தொலைந்துபோன அந்த வாக்கியம் முழுசாகத் திரும்பி வந்தது, ஒரு சொல் குறையாமல், லிஸ்பன் குரலில். வந்ததை விட்டுவிடக் கூடாது என்று சொல்லிவிட்டேன், மொமாத்தின் முதுகில் வாயை வைத்து, மன்னிக்கவும், தங்களுக்குத் தொந்தரவு இல்லையென்றால், தாங்கள் எனக்கு உதவ இயலுமா. சொன்னேன், மறுபடியும் சொன்னேன், நிறுத்த வரவில்லை.

“அண்ணி, இவர் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்” என்றான் மொமாத்.

“கேட்கட்டும். காலையில் கேட்காமல் மிச்சம் வைத்தது.”

ஆஸ்பத்திரி ஒரே நீளக் கட்டடம், வெளித் தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சு, பெஞ்சு முழுக்க மடியில் குழந்தையோடு பெண்கள். அத்தீஜா முதலில் எல்லாருக்கும் வணக்கம் சொன்னாள், எல்லாரும் பதிலுக்குச் சொன்னார்கள், எப்படி இருக்கிறீர்கள், நல்லா இருக்கோம், அந்தப் பக்கம், நெருப்பாய்க் கொதிக்கிறவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவ்வளவையும் விடாமல் சொன்னாள், எனக்கு அது தாமதமாகத் தோன்றவில்லை, அந்தச் சொற்கள் போகப் போக பெஞ்சு தானாக நகர்ந்து இடம் விட்டது. அப்புறம் மக்குவாவில் ஏதோ சொன்னாள், முன்னால் இருந்தவர்கள் கையைக் காட்டினார்கள், போங்கள், நீங்கள் முதலில் போங்கள். ஒருத்தி தன் துணிப்பையைச் சுவருக்கும் என் தலைக்கும் நடுவில் வைத்தாள். எனக்காக யாரும் மனு எழுதவில்லை. அந்தக் குழந்தைகளுக்கும் காய்ச்சல்தானே, அவர்கள் காத்திருந்தார்கள், அதை நினைத்தால் இப்போதும் ஒரு மாதிரியாக இருக்கிறது. விரலில் குத்தினார்கள், அட்டையில் இரத்தத்தை விட்டார்கள், கோடு சீக்கிரம் வந்தது, மலேரியா. நர்ஸ் அந்த அட்டையை என்னிடம் காட்டாமல் அத்தீஜாவிடம் காட்டினாள். “இன்றைக்கே கூட்டி வந்தீர்களே, நல்லது” என்றாள், அதில் இன்றைக்கே என்பதை மட்டும் நான் பிடித்துக்கொண்டேன், இன்றைக்கே, நாளைக்கு இல்லை, ரூபன் அண்ணனின் நாளை இல்லை. கையில் ஊசி போட்டார்கள். கட்டில் இருந்தது, கொசுவலை இருந்தது, வலைக்கு வெளியே அத்தீஜா தரையில் உட்கார்ந்து, விரலிடுக்கில் காய்ந்துபோன மாவை உரித்துக்கொண்டிருந்தாள். நன்றி சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது. ஒப்ரிகாது என்றால் காலையில் அவளைத் திருப்பி அனுப்பிய அதே சொல், அதையே எப்படி மறுபடி நீட்டுவது. தமிழில் நான் யாருக்கு நன்றி சொல்லியிருக்கிறேன், மேடையில் சொல்லியிருக்கிறேன், தலைமை ஆசிரியருக்குச் சொல்லியிருக்கிறேன், அம்மாவுக்குச் சொன்னதில்லை, சொன்னால் இன்னாடா ஆச்சு உனக்கு என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். பக்கத்துக் கட்டில் கிழவி யாரிடமோ கொஷுக்குரு, கொஷுக்குரு என்றாள், மக்குவாவில் நன்றி, அதை வாங்கி நானும் சொன்னேன். அத்தீஜா நிமிர்ந்து பார்த்தாள், “பேசாமல் தூங்கு, நாளைக்குச் சொல்” என்றாள். நாளைக்கு என்று ஒன்று இருக்கிறது என்பதை எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள். வலையின் ஓட்டைகளை எண்ணிக்கொண்டு, இவளுக்கு நான் யார், இந்த ஊரில் பருப்பைக் குறை சொல்லி விலை குறைக்கிறவன், இவள் வீட்டுக் கொட்டையையும் நான் வெட்டிப் பார்த்துத்தான் இருப்பேன், சொத்தை என்றுகூடச் சொல்லியிருப்பேன், தூக்கம் வந்தது, போனது, உடம்பு வியர்த்தது, வியர்வை அவ்வளவு குளிர்ச்சியாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கண்ணைத் திறந்தபோது அவள் வலையைக் கொஞ்சம் தூக்கி, ஒரு குவளையை நீட்டிக்கொண்டிருந்தாள். “தண்ணீர்?” என்றாள். பழக்கத்தில் வே என்று உதடு கூடியது. கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

இளம்பரிதி சொன்னது இவ்வளவுதான். பேருந்து வந்துவிட்டது, ஏறிப் போனான். வீட்டில் உட்கார்ந்து எழுதும்போது ஓர் இடம் எனக்கு இடறியது. அந்த ஊரில் ஞாயிறு சந்தை நாள் என்று அவனேதான் சொன்னான். சவாரி வண்டிக்காரனுக்கு அதுதான் நல்ல நாளாக இருக்க வேண்டும். அன்றைக்கு மொமாத் வீட்டுக்குப் பின்னால் என்ன செய்துகொண்டிருந்தான்? அதிர்ஷ்டம் என்று எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. இளம்பரிதியிடம் மொமாத்தின் கைபேசி எண்ணையும் நான்கு வரி போர்த்துக்கீசியத்தையும் கேட்டு வாங்கினேன். முதல் மூன்று வரி நலம் விசாரிப்பு, கடைசி வரிதான் கேள்வி. பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டு மொமாத்துக்குக் குரல் செய்தியாக அனுப்பினேன். மறுநாள் நீளமாகப் பதில் வந்தது. அதை இளம்பரிதிக்கு அனுப்பினேன், அவன் கேட்டு எனக்குத் தமிழில் சொன்னான். அன்று காலையில் இளம்பரிதி வேண்டாம் என்று சொன்னதும் அத்தீஜா சந்தைக்குப் போகவில்லை. நேராகச் சாலை முனைக்கு வந்து மொமாத்தைக் கூட்டிக்கொண்டு போனாள். வேண்டாம் என்று சொன்னவருடைய கதவைத் தட்டக் கூடாது. அதனால் வண்டியை அவள் வீட்டுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டு இருவரும் அவன் கதவு தெரிகிற இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வெயில் தாழ்ந்தும் அவன் கேட்காவிட்டால், கேட்காமலேயே தூக்கிக்கொண்டு போவது என்று பேசி வைத்திருந்தார்கள். மொமாத் அன்று வேறு சவாரி எடுக்கவில்லை.